ஸ்கூல் நேரத்துல தெருவ மூட முடியுமா? ஒரு அம்மாவோட கேள்வி

கேள்வி: வணக்கம் சார். என் பொண்ணு ரெண்டாங்கிளாஸ் படிக்கிறா. ஸ்கூல் இருக்கற தெரு பதினெட்டு அடி அகலம் தான் இருக்கும். காலைல எட்டே கால்லேந்து ஒன்பது வரைக்கும் காரு, வேன், ஆட்டோ, ஸ்கூட்டி எல்லாம் ஒண்ணா உள்ள வந்து மாட்டிக்குது. போன மாசம் ஒரு கார் ரிவர்ஸ் எடுக்கும்போது நாலாங்கிளாஸ் பையனோட சைக்கிள் மேல ஏறிடுச்சு. பையன் குதிச்சிட்டான், முட்டில சிராய்ப்போட போச்சு. சைக்கிள் சக்கரம் அப்பளம் மாதிரி வளைஞ்சி கிடந்தது. ஸ்கூல்ல கேட்டா கேட்டுக்கு வெளிய எங்க பொறுப்பு இல்லங்கறாங்க, ஸ்டேஷன்ல ஒரு ஆள போடறோம்னாங்க, கவுன்சிலர் ரோட்ட அகலம் பண்ணா சரியாயிடும்னு சொல்றார். லண்டன்ல இருக்கற என் சித்தி பொண்ணு, அங்கெல்லாம் ஸ்கூல் நேரத்துல தெருவயே மூடிடுவாங்கன்னு சொன்னா. நம்ம ஊர்ல இது நடக்குமா? இன்னொண்ணு, நானும் ஸ்கூட்டில தான் வாசல் வரைக்கும் கொண்டு போய் விடறேன், அப்ப நானும் தப்பு பண்றேனா? எங்க ஊர் பேரும் ஸ்கூல் பேரும் போட வேண்டாம்.

பதில்:

வணக்கம் சகோதரி. உங்க லெட்டர ரெண்டு தடவ படிச்சேன், அந்த வளைஞ்ச சக்கரம் கண்ணுலயே நிக்குது. டிராஃபிக் இன்ஜினியரா இருபது வருஷத்துக்கு மேல வேல பாத்துட்டேன், இதே லெட்டர் வேற வேற ஊர்லேந்து வந்திருக்கு, ஆனா அதுல பாதி பேர் ஒரு புள்ள அடிபட்டு ஆஸ்பத்திரில கிடந்ததுக்கு அப்புறம் எழுதினவங்க. நீங்க அதுக்கு முன்னாடியே எழுதியிருக்கீங்க, அதனால இன்னும் நேரம் இருக்கு.

கடைசி கேள்விக்கு முதல்ல பதில் சொல்லிடறேன். நீங்க தப்பு பண்ணல. ஆனா உங்க ஸ்கூட்டியும் அந்த நெரிசல்ல ஒண்ணு தான். வண்டில வர்ற ஒவ்வொரு அம்மா அப்பாவும் தன் புள்ள பத்திரமா உள்ள போகணும்னு கேட்டு வரைக்கும் வர்றாங்க, அப்படி எல்லாரும் கேட்டு வரைக்கும் வர்றதால தான் அந்த கேட்டு முன்னாடி ஆபத்து வருது, வெளியூர்லேந்து யாரும் வந்து உங்க தெருவ அடைக்கல. இத குத்தம் சொல்றதுக்காக சொல்லல. உங்களுக்கு ரோட்டுல பயம் இருக்கு, அதான் வண்டி. எல்லாரும் ஒரே நாள்ல சேர்ந்து நிறுத்தினா தான் அந்த பயம் போகும், நீங்க ஒருத்தர் மட்டும் நடந்து வந்தா மத்தவங்க வண்டிக்கு நடுவுல உங்க பொண்ணு தான் நிப்பா.

காலைல அந்த முக்கா மணி நேரத்த நான் எத்தனையோ ஸ்கூல் வாசல்ல நின்னு பாத்திருக்கேன். பெட்ரோல் டேங்க் மேல பாதி தூக்கத்துல ஒரு குட்டி, பின்னாடி அக்கா, கால் வைக்கற எடத்துல ரெண்டு பை. கார்லேந்து எறங்கற புள்ள எப்பவும் நடு ரோட்டுப் பக்கம் தான் எறங்கும், ஏன்னா இன்னொரு பக்கம் சாக்கடை ஓரமா ஒட்டி நிறுத்தியிருப்பாங்க. கதவு திறக்கற அதே நொடி ஒரு ஸ்கூட்டி அந்த இடுக்குல நுழையும். ஆட்டோ திரும்ப எடம் இல்லாம பின்னாடியே வரும். ரெண்டாங்கிளாஸ் புள்ள நாலடி உயரம் கூட இருக்காது, பெரிய கார் பின்னாடி நின்னா ஓட்டறவர் கண்ணாடில தெரியவே தெரியாது. உங்க சைக்கிள் பையன் விஷயத்துல நடந்ததும் இதான். அவர் பாக்காம எடுத்தார்னு எல்லாரும் திட்டியிருப்பாங்க, எனக்கென்னவோ அவர் பாத்தும் தெரிஞ்சிருக்காதுன்னு தான் தோணுது.

இதனால தான் ஸ்பீட் பிரேக்கர் போடறேன்னு யாராவது வந்தா நான் தயங்குவேன். பெரிய ரோட்டுக்கு அது வேணும், முப்பது கிலோமீட்டர் வேகத்துல அடிக்கறதுக்கும் அம்பதுல அடிக்கறதுக்கும் உயிர் போற வித்தியாசம் இருக்கு. உங்க தெருவுல வேகமே பிரச்சனை இல்ல, வண்டி ஊர்ந்து தான் போகுது. ரிவர்ஸ், கதவு, இடுக்கு, இந்த மூணும் தான் பிரச்சனை. ரோட்ட அகலம் பண்ணா? இன்னும் ரெண்டு வரிசை காரு நிக்கும், அவ்ளோ தான். கவுன்சிலர் நல்ல மனசோட தான் சொல்றார், ஆனா ஒரு வருஷம் ரோட்ட தோண்டிப் போட்டுட்டு அதே எடத்துக்கு வந்து நிப்பீங்க. ஒரு போலீஸ்காரர் நின்னா அவர் வேலை வண்டிய சீக்கிரம் நகத்தறது தான், விசில் அடிச்சி "போ போ"ன்னு தள்ளும்போது புள்ளைங்க தான் ஒதுங்கணும்.

அதனால உங்க சித்தி பொண்ணு சொன்னது தான் என் பதிலும். ஸ்கூல் இருக்கற அந்த இருநூறு மீட்டர், காலைல முக்கா மணி நேரம், சாயங்காலம் முக்கா மணி நேரம், மோட்டார் வண்டிக்கு மூடணும். நடந்து வரலாம், சைக்கிள்ல வரலாம்.

இது புதுசும் இல்ல, பணக்கார நாட்டு விளையாட்டும் இல்ல. வட இத்தாலில போல்சானோன்னு ஒரு ஊர்ல எண்பதுகளோட கடைசிலயே ஆரம்பிச்சிட்டாங்க. பெல்ஜியத்துல கென்ட் நகரத்துல 2012-ல வந்துச்சு, அங்க ஒரு நகர்த்தற தடுப்பு, அதுல ஒரு பலகை, பக்கத்துல பொறுப்பா ஒரு ஆள், இவ்ளோ தான். அது நல்லா போனதால 2018-ல அந்த நாட்டு சாலைச் சட்டத்துலயே ஸ்கூல் தெருன்னு தனியா சேத்தாங்க. ஆஸ்திரியால வியன்னா 2018-ல ஒரு தெருவுல பரிசோதனையா பண்ணுச்சு, 2022-ல அங்கயும் சட்டம் ஆயிடுச்சு. பாரிஸ் 2020-லேந்து பண்ணுது, நிறைய தெருவுல நேரம் பாத்து மூடறத விட்டுட்டு நிரந்தரமா மூடி மரமே நட்டுட்டாங்க. லண்டன்ல 500-க்கு மேல இருக்கு. அங்க தடுப்புக்கு பதிலா பல எடத்துல கேமரா, நேரம் போட்ட போர்டு தெரு மொனைல இருக்கும், அத தாண்டி உள்ள போனா நம்பர் பிளேட்ட படிச்சி அபராதம் வீட்டுக்கு வந்துடும். அந்த தெருவுல குடியிருக்கறவங்க, மாற்றுத்திறனாளிங்க, ஆம்புலன்ஸ் எல்லாத்துக்கும் விலக்கு.

2021-ல லண்டன்ல 18 ஆரம்பப் பள்ளிகள்ல மீட்டர் வச்சி காத்த அளந்தாங்க, காலைல மூடற நேரத்துல வண்டிப் புகைல வர்ற நைட்ரஜன் டை ஆக்சைடு 23 சதவீதம் வரைக்கும் கொறஞ்சிருந்தது. எஞ்சின ஆஃப் பண்ணாம நிக்கற வேனோட புகைக்குழாய் உங்க இடுப்புக்குக் கீழ இருக்கு, உங்க பொண்ணு மூஞ்சிக்கு எவ்ளோ கிட்டன்னு ஒரு நாள் குனிஞ்சி பாருங்க. அதே சமயத்துல பெற்றோர் கிட்ட கேட்டப்ப 18 சதவீதம் பேர் தான் வண்டி எடுக்கறத கொறச்சிக்கிட்டோம்னு சொன்னாங்க. இந்த ரெண்டாவது நம்பர நான் மறைக்க மாட்டேன், ஏன்னா இதுல தான் பாடம் இருக்கு. தெருவ மூடினதும் எல்லாரும் நடக்க ஆரம்பிச்சிடுவாங்கன்னு நம்பி எறங்காதீங்க, வண்டி வரும், வந்து எங்க நிக்கும்ங்கறதுக்கு பதில் வச்சிக்கிட்டு எறங்கணும். பக்கத்து தெரு நாசமாயிடும்னு எல்லா ஊர்லயும் பயந்திருக்காங்க. ஸ்காட்லாந்துல எடின்பரோ நேப்பியர் யுனிவர்சிட்டில 2020-ல பல ஊர் அனுபவத்த சேத்து வச்சி பாத்தப்ப, வண்டி தள்ளிப் போனதால பெரிய ஆபத்து எதுவும் வரலைன்னு தான் தெரிஞ்சது, ஒரே வாசல்ல குவியற வண்டி நாலு தெருவுக்கு பிரிஞ்சி போயிடுது.

சரி, நம்ம ஊர்ல சட்டம் விடுமா? விடும். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 115. பொது மக்களோட பாதுகாப்புக்காக ஒரு குறிப்பிட்ட ரோட்டுல வண்டிய தடை பண்ணவோ கட்டுப்படுத்தவோ மாநில அரசுக்கும், அரசு அதிகாரம் குடுத்த அதிகாரிக்கும் உரிமை இருக்கு. சாதாரணமா இதுக்கு அரசிதழ்ல அறிவிப்பு வரணும், அத கேட்டாலே பாதி பேர் ஃபைல மூடி வச்சிடுவாங்க. ஆனா அதே பிரிவுல கடைசில ஒரு வரி இருக்கு, தடை ஒரு மாசத்துக்கு மேல போகலைன்னா அரசிதழ் அறிவிப்பு தேவையில்ல, உள்ளூர்ல மக்களுக்கு தெரியற மாதிரி விளம்பரம் பண்ணா போதும். அதாவது ஒரு மாசம் பரிசோதனையா பண்ணிப் பாக்க சட்டமே கதவத் திறந்து வச்சிருக்கு. நான் சந்திச்ச அதிகாரிகள்ல இத தெரிஞ்சி வச்சிருந்தவங்க ரொம்ப கம்மி, நீங்க மனுவுலயே அந்த வரிய எழுதி குடுங்க.

திம்பம் மலைப்பாதை உங்களுக்கு தெரிஞ்சிருக்கும், சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்துக்குள்ள போற ரோடு. ராத்திரில வண்டி அடிச்சி விலங்குங்க சாகுதுன்னு ஈரோடு கலெக்டர் போட்ட ராத்திரி நேரத் தடைய 2022 பிப்ரவரி 10-லேந்து அமல்படுத்தச் சொல்லி ஐகோர்ட் உத்தரவு போட்டுச்சு. அது ரெண்டு மாநிலத்துக்கு லாரி போற நேஷனல் ஹைவே. அதுலயே நேரம் குறிச்சி வண்டிய நிறுத்த முடியும்னா, மான் குட்டிக்கு பண்ணத மனுஷக் குட்டிக்கும் பண்ண முடியும். கலெக்டர் ஆபீஸ்ல யாராவது இதெல்லாம் நடக்காதும்மான்னு சொன்னா இத ஞாபகப்படுத்துங்க.

ஒண்ணு மட்டும் முதல்ல பாத்துக்கங்க, அந்த தெருவுல டவுன் பஸ் போகுதா, இல்ல அது நெடுஞ்சாலைத் துறை ரோடா? அப்படின்னா இந்த வழி ஒத்து வராது, அதுக்கு வேற வைத்தியம், தனியா எழுதுங்க. பதினெட்டு அடின்னு சொல்றத பாத்தா மாநகராட்சி இல்ல நகராட்சி தெருவா தான் இருக்கணும்.

இப்ப எனக்கு நடந்த ஒரு விஷயம் சொல்றேன், ஊர் பேர் வேண்டாம். பல வருஷத்துக்கு முன்னாடி ஒரு ஸ்கூல்ல இதே மாதிரி பண்ணோம். அனுமதி வாங்கிட்டோம், தடுப்பு வந்துடுச்சு, போர்டு மாட்டியாச்சு, முதல் நாள் பத்திரிகைல போட்டோ கூட வந்தது. மூணாவது நாளே ஆட்டோக்காரங்க தடுப்ப தள்ளி வச்சிட்டு உள்ள வந்தாங்க. ஒன்பதாவது நாள் நாங்களே எடுத்துட்டோம். காரணம், அவங்க கிட்ட நாங்க பேசவே இல்ல. ஒரு ஆட்டோக்காரர் என்கிட்ட கேட்டார், "சார், இந்த வெயில்ல எட்டு புள்ளைங்கள இங்க எறக்கி விட்டுட்டு நான் ஆட்டோவ பாக்கறதா, புள்ளைங்கள பாக்கறதா, நீங்களே சொல்லுங்க." என்கிட்ட பதில் இல்ல. எறங்கற எடத்துல நிழல் இல்ல, அங்கேந்து கேட்டு வரைக்கும் புள்ளைங்கள கூட்டிட்டு போக ஆள் இல்ல, ஓரத்துல நடக்க வழி இல்ல. மேப்ல எல்லாம் சரியா இருந்தது. அந்த தெரு இன்னிக்கும் பழைய மாதிரியே தான் இருக்கு, அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு மனசு கஷ்டமா இருக்கும்.

அதனால உங்க வேலை கலெக்டர் ஆபீஸ்ல ஆரம்பிக்கல, ஆட்டோ ஸ்டாண்டுல ஆரம்பிக்குது. முதல் வாரம் வேன், ஆட்டோ ஓட்டறவங்க எல்லார்கிட்டயும் போய் பேசுங்க, டீ வாங்கி குடுத்து பேசுங்க. அதிகமான புள்ளைங்கள கொண்டு வர்றது அவங்க தான். அவங்களுக்கு பெட்ரோல் முக்கியம், அடுத்த ட்ரிப்புக்கு நேரம் முக்கியம். நெரிசல்ல மாட்டாம தெரு மொனைலயே எறக்கிட்டு உடனே கெளம்பலாம்னா அவங்களுக்கு லாபம் தான், ஆனா புள்ளைங்கள வாங்கிக்க அங்க ஆள் நிக்கணும். ஸ்கூல் ஆயா ரெண்டு பேர், ரிட்டயர்ட் ஆன டீச்சர் யாராவது, காலைல வாக்கிங் போற தாத்தாக்கள்னு நாலஞ்சு பேர் சேந்தா போதும், பத்து பதினஞ்சு புள்ளைங்க சேந்ததும் ஒரு செட்டா நடத்தி கூட்டிட்டு போயிடலாம். யூ.கே.ஜி. குட்டிங்கன்னா முடிச்சு போட்ட கயிறு ஒண்ண ஆளுக்கு ஒரு முடிச்சா பிடிச்சிக்க சொன்னா அழகா வரும்.

எறங்கற எடம் இருநூறு முந்நூறு மீட்டருக்குள்ள இருக்கணும், சின்ன புள்ளைக்கு அஞ்சு நிமிஷ நடை. கல்யாண மண்டபம் ஏதாவது பக்கத்துல இருக்கா பாருங்க, அதோட பார்க்கிங் காலைல காலியா தான் கிடக்கும், ஓனர் கிட்ட பெற்றோர் ஆசிரியர் கழகம் மூலமா லெட்டர் குடுத்து கேளுங்க. முகூர்த்த நாளுக்கு மட்டும் வேற எடம் யோசிச்சி வைக்கணும், வருஷ காலண்டர்ல அந்த நாளெல்லாம் முன்னாடியே குறிச்சிக்கங்க. மண்டபம் இல்லன்னா கோயில் திடல், ரேஷன் கடை முன்னாடி இருக்கற காலி எடம், எதுவா இருந்தாலும் நிழலும் தண்ணி தேங்காத தரையும் வேணும்.

அப்புறம் அந்த தெருவுல குடியிருக்கறவங்க. இவங்கள கடைசில சொல்லிக்கலாம்னு விட்டுட்டா அவ்ளோ தான். வீடு வீடா போங்க. வாசல்ல கோலம் போட்டுட்டு திரும்பறதுக்குள்ள அது மேல டயர் ஏறிப் போறத தினம் பாக்கறவங்க அவங்க, அவங்க கேட்டுல காரு நிறுத்திட்டு போறவங்களோட சண்டை போட்டு அலுத்தவங்க, பாதி பேர் நீங்க கேக்கறதுக்கு முன்னாடியே கையெழுத்து போடுவாங்க. அவங்க வண்டிக்கு ஒரு பாஸ் சீட்டு, உள்ள வந்தா மெதுவா, நடக்கற வேகத்துல. டயாலிசிஸ் போறவங்க, வயசானவங்க இருக்கற வீடு எதுன்னு எழுதி வச்சிக்கங்க. கேஸ் சிலிண்டர் வண்டி, குப்பை வண்டி, தண்ணி லாரிய நேரம் மாத்த சொல்லலாம், பேசினா மாத்துவாங்க. நடக்க முடியாத புள்ளைங்க வர்ற வண்டி கேட்டு வரைக்கும் வரணும், அதுல யாரும் வாதம் பண்ணக் கூடாது. ஆனா தாளாளரோட காரு, பெரிய மனுஷங்க வீட்டு காருன்னு யாருக்கும் தனி வழி கிடையாது, டீச்சருங்க வண்டி மூடறதுக்கு முன்னாடியே உள்ள வந்துடணும். ஒரு காருக்கு விலக்கு குடுத்தா மறுநாள் நாப்பது காரு நிக்கும்.

தடுப்பு விஷயத்துல ஒண்ணு கெஞ்சி கேக்கறேன். தெருவுக்கு குறுக்க கயிறு கட்டாதீங்க. ஸ்கூட்டில வர்றவங்களுக்கு அது கண்ணுக்குத் தெரியாது, கழுத்துல மாட்டும். போலீஸ் பேரிகேடு, இல்ல பளபளன்னு ஸ்டிக்கர் ஒட்டின பிளாஸ்டிக் தடுப்பு, ஒரே ஆள் தள்ளி வைக்கற கனத்துல இருக்கணும், 108 வந்தா அஞ்சு செகண்டுல வழி விடணும். தெருவோட ரெண்டு மொனைலயும் முதல் ரெண்டு வாரமாவது போலீஸோ ஊர்க்காவல் படைக்காரரோ நிக்கட்டும், வண்டிய நிறுத்தற அதிகாரம் அவங்களுக்கு தான் இருக்கு. உங்கள மாதிரி பெற்றோர் பக்கத்துல நின்னு எடுத்துச் சொல்லலாம். எந்தக் காரணத்துக்காகவும் யூனிஃபார்ம் போட்ட புள்ளைங்கள வண்டி முன்னாடி நிறுத்தி தடுக்க வைக்காதீங்க. சாலைப் பாதுகாப்புப் படைன்னு தொப்பி போட்டு நிறுத்துவாங்க, பாக்க நல்லா இருக்கும், எனக்கு வயித்த கலக்கும்.

ஸ்கூல் கிட்ட நீங்க கேக்க வேண்டியது ரெண்டே ரெண்டு தான். சின்ன கிளாசுக்கும் பெரிய கிளாசுக்கும் நடுவுல இருபது நிமிஷம் வித்தியாசம் விடச் சொல்லுங்க, அதுலயே பாதி நெரிசல் அடங்கும். கேட்ட பதினஞ்சு நிமிஷம் முன்னாடியே திறக்கச் சொல்லுங்க, பல ஸ்கூல்ல மணி அடிக்கற வரைக்கும் கேட்ட பூட்டி வச்சிட்டு புள்ளைங்கள ரோட்டுலயே நிக்க வைக்கறாங்க. கேட்டுக்கு வெளிய எங்க பொறுப்பு இல்லன்னு சொன்னாங்கள்ல, இந்த ரெண்டும் கேட்டுக்கு உள்ள இருக்கற விஷயம், இதுக்கு அவங்க பதில் சொல்லித்தான் ஆகணும். பதினொண்ணு பன்னெண்டு படிக்கற பசங்க லைசென்ஸ் இல்லாம பைக்ல வர்றாங்கன்னா அதயும் எழுதுங்க, மோட்டார் வாகனச் சட்டத்துல 2019-ல வந்த திருத்தத்துக்கு அப்புறம் அதுக்கு பெத்தவங்களுக்கே மூணு வருஷம் வரைக்கும் ஜெயிலும் 25,000 ரூபா அபராதமும் இருக்குன்னு பல அப்பாக்களுக்கு தெரியாது.

மனு குடுக்கறதுக்கு முன்னாடி மூணு நாள் எண்ணுங்க. நீங்களும் இன்னொரு அம்மாவும் போதும், ஒரு நோட்டு, எட்டே கால்லேந்து ஒன்பது வரைக்கும் எத்தன காரு, எத்தன ஆட்டோ, எத்தன டூவீலர், எத்தன புள்ளைங்க நடந்து வந்தாங்க, எத்தன வண்டி ரிவர்ஸ் எடுத்துச்சு. அந்த ரிவர்ஸ் கணக்க தனியா பெருசா எழுதுங்க. கையாலயே ஒரு மேப் வரைஞ்சி, எங்கேந்து எங்க வரைக்கும் மூடணும், வண்டி எப்படி சுத்திப் போகும், எங்க எறங்கும்னு காட்டுங்க. குடியிருக்கறவங்க கையெழுத்து, ஆட்டோ ஸ்டாண்டு கையெழுத்து, ஸ்கூல் லெட்டர் மூணையும் வச்சி, போலீஸ் கமிஷனர் இருக்கற மாநகரம்னா அவர் ஆபீஸ்ல குடுங்க. மத்த ஊர்னா திங்கக்கிழமை குறைதீர் கூட்டத்துல கலெக்டர் கிட்ட குடுங்க, மாவட்ட சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கு அவர் தான் தலைவர், அங்க வைக்கச் சொல்லி கேளுங்க. ஒரு மாச பரிசோதனை, பிரிவு 115-ன்னு முதல் பாராவுலயே வரணும்.

எப்ப ஆரம்பிக்கறதுங்கறதுலயும் கவனம் வேணும். ஜூன்ல ஸ்கூல் திறந்த முதல் வாரம் வேண்டாம், புது புள்ளைங்க அழுதுட்டு நிக்கும், எல்லாமே குழப்பமா இருக்கும். ஐப்பசி கார்த்திகை மழைல ஆரம்பிச்சா குடையோட நடக்க வச்சிட்டாங்கன்னு திட்டு தான் விழும். ஜூலை நல்ல மாசம், இல்லன்னா பொங்கல் லீவு முடிஞ்சதும். முதல் அஞ்சு நாள் கண்டிப்பா சண்டை வரும், லேட்டாகுதுன்னு ஆபீஸ் போற அப்பாக்கள் கத்துவாங்க, அவங்க கஷ்டமும் நெசம் தான், அவங்களுக்காக தான் எறங்கற எடத்துல புள்ளைய வாங்கிக்க ஆள் வேணும்னு சொன்னேன். ரெண்டாவது வாரம் மறுபடி எண்ணுங்க, மாச கடைசில அந்த ரெண்டு கணக்கயும் பக்கத்துல பக்கத்துல வச்சி நீட்டிக்கச் சொல்லி கேளுங்க.

அதுவரைக்கும் உங்க பொண்ண பத்தி. நாளைலேந்து ஸ்கூட்டிய தெருவுக்குள்ள கொண்டு போகாதீங்க. பதினஞ்சு நிமிஷம் முன்னாடி கெளம்பி, பெரிய ரோடு மொனைக்கு முன்னாடியே ஓரமா நிறுத்திட்டு, பொண்ண சுவர் பக்கம் விட்டு நீங்க வண்டி பக்கமா நடங்க. மணிக்கட்ட பிடிங்க, விரல பிடிச்சா உருவிக்கிட்டு ஓடிடுவாங்க. நிக்கற காருக்கு பின்னாடி லைட்டு எரியுதான்னு பாத்துட்டு தான் தாண்டணும்னு அவளுக்கும் சொல்லிக் குடுங்க, வெள்ளை லைட்டு எரிஞ்சா வண்டி பின்னாடி வரப் போகுதுன்னு அர்த்தம், ரெண்டாங்கிளாஸ் புள்ளைக்கு அது நல்லாவே புரியும். ஸ்கூட்டில வரும்போது அவளுக்கும் ஹெல்மெட் போடுங்க, நாலு வயசுக்கு மேல சட்டப்படி கட்டாயம். அந்த சைக்கிள் பையன் வீட்டு அம்மாவ இன்னிக்கே போய் பாருங்க, உங்க கூட நோட்டு புடிச்சி எண்ண அவங்க தான் சரியான ஆள். மேப் வரைஞ்சதும் எனக்கு ஒரு போட்டோ அனுப்புங்க, எறங்கற எடம் சரியா இருக்கான்னு பாத்து சொல்றேன்.